சான் பிரான்சிஸ்கோ பீர் வாரம்: நிதானமாக ருசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் குளிர்காலம் முடியும் தறுவாயில், பெரும்பாலும் பிப்ரவரியில், பீர் வாரம் வருகிறது. 2009இல் தொடங்கிய விழா இது. வாரம் என்பது பெயரில்தான்; ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கினால் அடுத்த வார இறுதியின் ஞாயிறு வரை பத்து நாட்கள் நீளும். நகரத்தோடு நிற்பதும் இல்லை. ஓக்லாந்து, பெர்க்லி, அலமீடா, தெற்கே சான் ஹோசே, வடக்கே சொனோமா என்று வளைகுடாவைச் சுற்றியுள்ள பீர் ஆலைகளும் மதுக்கூடங்களும் தத்தம் இடத்தில் நிகழ்ச்சி நடத்துகின்றன.

பலர் தொடக்க விழாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கி, சில மணி நேரம் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்று, பத்துப் பதினைந்து பீர்களைச் சுவைத்துவிட்டு அத்தோடு விழாவை முடித்துக்கொள்கிறார்கள். இந்த விழாவின் உயிர் அங்கே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அது செவ்வாய், புதன் மாலைகளில், முப்பது நாற்பது பேர் மட்டும் கூடும் மதுக்கூடங்களில் இருக்கிறது. அங்கே பீரைத் தயாரித்தவரே குழாய்க்குப் பக்கத்தில் நிற்பார். கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். இந்த வழிகாட்டி அந்த மாலைகளை மனத்தில் வைத்து எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்கள் இந்த வாரத்துக்காகத் தொடங்க வேண்டியதில்லை. மதுவில் ஆபத்தே இல்லாத அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே அளவோடு அருந்துபவர்கள், அந்த அளவைக் கூட்டாமல் ருசியைக் கூட்டிக்கொள்ள என்ன செய்யலாம் என்பதே இங்கே பேச்சு.

முதல் படி: ஊரின் பீர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கக் கிராஃப்ட் பீரின், அதாவது சிறு ஆலைகள் கைத்திறனோடு தயாரிக்கும் பீரின், தொடக்கம் இந்த வளைகுடாவில்தான். கதை தெரிந்து போனால் ஒவ்வொரு கோப்பையும் கூடுதலாகப் பேசும்.

1849இல் தங்கம் தேடி மக்கள் கலிபோர்னியாவுக்குக் குவிந்தபோது, பீர் தயாரிக்கத் தெரிந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பழக்கமான லாகர் வகை ஈஸ்ட் குளிர்ச்சியில் வேலை செய்வது. இங்கே பனிக்கட்டியும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. அதனால் கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டிகளில் பரப்பி, கடற்காற்றில் ஆறவைத்து, லாகர் ஈஸ்டையே சற்று வெதுவெதுப்பான நிலையில் நொதிக்கவிட்டார்கள். தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த அந்தப் பீருக்கு ஸ்டீம் பீர் என்று பெயர் வந்தது.

அந்த மரபைக் காப்பாற்றியது 1896 முதல் இயங்கிய ஆங்கர் ஆலை. மூடப்படும் நிலையில் இருந்த அதை 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் கைப்பற்றினார். 1971இல் ஆங்கர் ஸ்டீம் பாட்டிலில் வந்தது. 1975இல் அங்கே இரண்டு புதிய பீர்கள் தயாராயின. லிபர்ட்டி ஏல் என்பதில் கேஸ்கேட் என்ற புதிய அமெரிக்க ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வகையை நொதித்த பிறகும் ஊறவைத்தார்கள். இன்று ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான பீர்) என்று நாம் குடிப்பதன் முன்னோடி அது. இன்னொன்று ஓல்ட் ஃபாக்ஹார்ன்; பார்லி ஒயின் என்ற மிக வலுவான பீர் வகை. அடுத்த ஆண்டு, 1976இல், ஜாக் மெக்காலிஃப் என்ற முன்னாள் கடற்படை வீரர் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையைக் கட்டினார். அது 1982இல் மூடப்பட்டது, ஆனால் வழி திறந்துவிட்டது. பீரைத் தயாரித்த இடத்திலேயே உணவோடு விற்கக் கலிபோர்னியா சட்டம் அனுமதித்ததும், 1983இல் ஹாப்லாந்திலும் ஹேவர்டிலும் அத்தகைய இடங்கள் திறந்தன. பெர்க்லியில் 1986இல் தொடங்கிய டிரிபிள் ராக் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது.

ஆங்கரை 2017இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது. 2023 ஜூலையில் மூடுவதாக அறிவித்தது. சோபானி தயிர் நிறுவனத்தின் ஹம்தி உலுகாயா 2024இல் அதை வாங்கினார். ஊர்க்காரர்களுக்கு அந்த மூடல் உண்மையான இழப்பு. மதுக்கூடங்களில் இன்றும் அந்தப் பேச்சு எழும். ஸ்டீம் என்ற பெயர் ஆங்கரின் வணிக முத்திரை என்பதால் மற்ற ஆலைகள் அதே வகையைக் கலிபோர்னியா காமன் என்று விற்கின்றன. பீர் வாரத்தில் எங்காவது குழாய்ப் பலகையில் (அன்று கிடைக்கும் பீர்களின் பட்டியல்) அந்தப் பெயரைக் கண்டால் முதலில் அதைக் கேளுங்கள். இந்த மண்ணில் பிறந்த பீர் அது.

இரண்டாம் படி: பட்டியலைக் கையில் எடுங்கள்

விழாவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் சில வாரங்களுக்கு முன்பே வெளியாகும். விழா நெருங்க நெருங்க நீளும். சென்னை மார்கழிக் கச்சேரிப் பட்டியலை வைத்துக்கொண்டு திண்டாடியவர்களுக்கு இது பழக்கமான சங்கடம்: ஒரே மாலையில் பத்து இடத்தில் பத்து நல்ல நிகழ்ச்சிகள். அங்கே ஒரு ரசிகர் என்ன செய்வாரோ அதையே இங்கும் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஆசைப்படாமல், ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சி, ஒரே ஊர்ப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பல வகை நிகழ்ச்சிகள் கலந்து கிடக்கும். ஓர் ஆலை தன் பீர்களையெல்லாம் ஒரே மதுக்கூடத்தின் குழாய்களில் ஏற்றுவது ஒரு வகை. இரண்டு மூன்று ஆலைகள் சேர்ந்து இந்த வாரத்துக்கென்றே தயாரித்த பீரை வெளியிடுவது இன்னொன்று. பீரும் உணவும் இணைத்த விருந்துகள், ஆலைக்குள் சுற்றிக்காட்டுவது, புளிப்பு பீர்களுக்கு மட்டுமான நாள், வினாடி வினா என்றும் இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: ப்ரூவர் (பீரைத் தயாரித்தவர்) நேரில் வருகிறார் என்று குறிப்பிட்டிருக்கும் நிகழ்ச்சிகளை முதலில் குறியுங்கள். வினாடி வினாவை ஆண்டு முழுவதும் பார்க்கலாம்.

போகும் நாளன்று அந்த இடத்தின் சமூக ஊடகப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் வளைகுடாவில் நன்கு அறிமுகமான பல ஆலைகள் மூடப்பட்டிருக்கின்றன, இடம் மாறியிருக்கின்றன. பழைய பரிந்துரைகளை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பத்து நாளில் நான்கு அல்லது ஐந்து நாட்கள் போதும். இடையில் கட்டாயம் ஓய்வு நாள் வேண்டும். அன்று ஒரு துளியும் வேண்டாம். உடலுக்காக மட்டுமல்ல, நாக்குக்காகவும். தொடர்ந்து மூன்று நாள் கசப்பான ஐபிஏ குடித்த நாக்கு நான்காம் நாள் பில்ஸ்னர் என்ற மெல்லிய லாகரின் ருசியை அறியாது.

மூன்றாம் படி: அடையாள அட்டையும் பயணமும்

அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. நரை விழுந்தவரிடமும் அட்டை கேட்பார்கள், கோபப்பட வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினரை அழைத்துப்போனால் அவர்களுடைய அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆதார் அட்டை செல்லாது. கைப்பேசியில் எடுத்த பாஸ்போர்ட் படத்தையும் ஏற்கமாட்டார்கள்.

அடுத்ததுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி. கலிபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். அதற்குக் குறைவாக இருந்தாலும் தடுமாற்றம் தெரிந்தால் கைது செய்யலாம். குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதும் குற்றமே. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இது அபராதத்தோடு முடியும் விஷயமல்ல. குடித்து ஓட்டியதற்காகக் கைதானால், வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருக்காமலே விசாவை ரத்து செய்யும் நடைமுறையை அமெரிக்க வெளியுறவுத் துறை 2015 முதல் பின்பற்றுகிறது. ஒரு கோப்பைக்காக ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

எனவே ரயிலைச் சுற்றித் திட்டமிடுங்கள். ஃபிரீமான்ட், மில்பிட்டாஸ் பக்கத்திலிருந்து பார்ட் ரயில், சன்னிவேல், மவுண்டன் வியூ பக்கத்திலிருந்து கால்ட்ரெயின். பார்ட் கடைசி வண்டிகள் நள்ளிரவையொட்டிக் கிளம்பிவிடும். இரவு நேரமானால் ஃபிரீமான்ட் பக்கம் நேர் வண்டி இராது, வழியில் மாற வேண்டும். திரும்பும் வண்டியின் நேரத்தை வீட்டிலிருந்து கிளம்புமுன்பே குறித்துவையுங்கள். ரயில் நிலையம்வரை காரில் போய், திரும்பி வந்ததும் அதே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கடைசி ஐந்து மைல்தான் ஆபத்து. வீட்டிலிருந்து நிலையத்துக்கே வாடகைக் காரில் போங்கள், அல்லது குடிக்காத ஒருவர் வந்து அழைத்துப்போகட்டும்.

பிப்ரவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும், மழையும் வரும். ஒரு மழைக்கோட்டு, வசதியான காலணி, சில பழைய மதுக்கூடங்களுக்காகக் கொஞ்சம் ரொக்கம். பரிமாறுபவருக்கு ஒரு கோப்பைக்கு ஒன்றிரண்டு டாலரோ, மொத்தத்தில் 20 சதவீதமோ தருவது இங்கே வழக்கம்.

நான்காம் படி: கோப்பைக் கணக்கு

அமெரிக்க பைண்ட் என்பது 473 மில்லி. ஐந்து சதவீத லாகர் 355 மில்லி குடித்தால் உடலில் சேரும் சுத்த ஆல்கஹால் சுமார் 14 கிராம். இதைத்தான் இங்கே ஒரு அளவு என்று கணக்கிடுகிறார்கள். இதை வெளியேற்ற உடலுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஏழு சதவீத ஐபிஏ ஒரு பைண்ட் என்றால் கிட்டத்தட்ட இரண்டு அளவு. பலகையில் பீரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தைப் படிக்காமல் எதையும் கேட்காதீர்கள்.

ருசி பார்க்கச் சிறந்த வழி ஃப்ளைட். மரத்தட்டில் நான்கைந்து சிறு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 120 மில்லி அளவு. நான்கு கோப்பை சேர்ந்தால் ஒரு பைண்ட் ஆகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஒரு மாலைக்கு ஒரு ஃப்ளைட், அதில் மிகவும் பிடித்ததில் அரை பைண்ட், அவ்வளவு போதும். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே ஒரு தம்ளர் தண்ணீர். வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள்.

உடன் வருபவர் மது அருந்தாதவராக இருந்தால் அவரை வெறும் சோடாவோடு உட்காரவைக்க வேண்டியதில்லை. வளைகுடாவின் சாசலிடோவைச் சேர்ந்த பெஸ்ட் டே போன்ற ஆலைகள் ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கும் கீழே உள்ள கிராஃப்ட் பீர்களைத் தயாரிக்கின்றன; பல இடங்களில் கிடைக்கும். எந்த மதுவும் கூடாது என்று இருப்பவர்களுக்கு அந்தச் சிறு அளவும் ஒத்துவராமல் போகலாம், சொல்லிவிட்டு வாங்கிக்கொடுங்கள்.

ஐந்தாம் படி: ருசிக்கும் முறை

மெல்லியதிலிருந்து கனமானதுக்குப் போக வேண்டும். பில்ஸ்னர், கோல்ஷ் வகைகள் முதலில். பிறகு கோதுமை பீர், கலிபோர்னியா காமன். அதன் பிறகு ஐபிஏ. கடைசியில் ஸ்டவுட் (வறுத்த மால்ட்டில் செய்த கருநிறப் பீர்), பார்லி ஒயின். வரிசை மாறினால் முதலில் குடித்தது பின்னால் வருவதை விழுங்கிவிடும். உள்ளூர் ஃபோர்ட் பாயின்ட் ஆலையின் கேஎஸ்ஏ கோல்ஷ் பாணியில் வந்தது. தொடங்குவதற்கு நல்ல பீர்.

கோப்பை வந்ததும் முதலில் பாருங்கள். உட்புறக் கண்ணாடியில் குமிழிகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை. தயங்காமல் வேறு கோப்பை கேளுங்கள். பிறகு முகருங்கள். பீரின் ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது. மேற்குக் கரை ஐபிஏ என்றால் தெளிந்த நிறம், நாரத்தைத் தோலும் பைன் பிசினும் கலந்த மணம், முடிவில் வறண்ட கசப்பு. கலங்கலான ஹேசி ஐபிஏவில் ஓட்ஸும் கோதுமையும் சேர்த்திருப்பார்கள். கசப்பு குறைந்து, மாம்பழம், கொய்யா போன்ற பழ மணம் முன்னே நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் குடித்தால் வேறுபாடு சட்டெனப் பிடிபடும்.

மணத்தில் குறைகளும் தெரியும். வெண்ணெய் வாசம் மிகுந்தால் நொதித்தல் முழுமையாக முடியவில்லை, அல்லது குழாய் சுத்தமாக இல்லை. ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பீர் பழசாகி ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. இவற்றைக் குறையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டால், அக்கறையுள்ள எந்த மதுக்கூடமும் நன்றியோடு மாற்றித் தரும்.

குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி பொருந்தும். பார்லி ஒயினை அப்படிக் குடித்தால் இனிப்பும் ஆல்கஹாலும் மட்டுமே தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருங்கள். 12 டிகிரியைத் தாண்டும்போது உலர்ந்த அத்தி, கருப்பட்டி, பழைய மரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஆறாம் படி: இடங்களைக் கோத்துக்கொள்ளுங்கள்

முதல் வார இறுதிக்கு நான் அலமீடாவைப் பரிந்துரைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ ஃபெர்ரி பில்டிங்கிலிருந்து படகில் போகலாம். 1997இல் மூடப்பட்ட கடற்படை விமானத் தளத்தின் பெரிய கொட்டகைகளில் ஆலைகள் இயங்குகின்றன. பீப்பாயில் முதிர்ந்த, பழம் சேர்த்த புளிப்பு பீர்களுக்காகப் பெயர் பெற்ற அல்மனாக் ஆலை அங்கேதான் இருக்கிறது. பகல் நேரம், விரிந்த இடம், கடலுக்கு அப்பால் நகரத்தின் கட்டடங்கள். கார் தேவையே இல்லை.

பெர்க்லி இன்னொரு நாளுக்கு. டவுன்டவுன் பார்ட் நிலையத்தில் இறங்கினால் ஷாட்டக் சாலையில் ஜூபிடர், சற்றுத் தள்ளி டிரிபிள் ராக். இரண்டுக்கும் நடந்தே போகலாம். சிறிய, பழைய, மரச்சாமான்கள் நிறைந்த டிரிபிள் ராக்கில் உட்கார்ந்தால் 1980களின் கிராஃப்ட் பீர் எந்த அளவிலான கனவாக இருந்தது என்பது புரியும்.

வார நாட்களில் உங்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அருகில் உள்ள நிகழ்ச்சிகளையே தேர்ந்தெடுங்கள். தெற்கு வளைகுடாவில் இருப்பவர் புதன் இரவு நகரத்துக்கு ஓடி, அடுத்த நாள் வேலையில் கண் சொக்குவதில் பயனில்லை.

நகரத்துக்கென்று ஒரு நாள் வைத்தால், அது லோயர் ஹெய்ட் பகுதியின் டொரோனாடோவுக்கு. 1987இல் திறந்த இந்த மதுக்கூடம் மேற்குக் கரை பீர் பிரியர்களுக்கு முக்கியமான இடம். 1990களில் தொடங்கிய அதன் பார்லி ஒயின் விழா பீர் வாரத்தைவிடப் பழையது. பிறகு வாரத்தோடு இணைந்துகொண்டது. அந்த நாளில் ஆட்கள் காலையிலேயே மேசை பிடித்து, ரொட்டி, பாலாடைக்கட்டி, சாக்லேட்டைப் பரப்பிவைத்து, சிறு கோப்பைகளில் வரும் பார்லி ஒயின்களை மேசையில் எல்லோருக்கும் சுற்றிவிட்டு, குறிப்பெழுதி, வாதாடுவார்கள். பார்லி ஒயின் என்பது திராட்சை சேராத பீர்தான். மால்ட் மிகுதியாக இட்டு, ஒயின் அளவுக்கு வலுவாகத் தயாரிப்பது. பத்து சதவீதம் சாதாரணம். எனவே இது நான்கு பேராகப் போக வேண்டிய நிகழ்ச்சி. ஒரு கோப்பையில் ஆளுக்கு இரண்டு மடக்கு என்று பகிர்ந்தால் எட்டு வகையைச் சுவைத்தும் நிதானம் தவறாது. தனியாகப் போனால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு விழா உண்டா, எந்த நாள் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சான்டா ரோசாவில் உள்ள ரஷ்யன் ரிவர் ஆலையின் பிளைனி த யங்கரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2005இல் முதலில் வந்த, ஹாப்ஸும் ஆல்கஹாலும் மிகக் கூடிய இந்த டிரிபிள் ஐபிஏவுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. பல ஆண்டுகள் அது பிப்ரவரியில் வெளியாகி பீர் வாரத்தோடு சேர்ந்தே பேசப்பட்டது; அண்மை ஆண்டுகளில் மார்ச் பிற்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. வருந்த வேண்டாம். அதே ஆலையின் பிளைனி த எல்டர் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஹேவர்டில் நடந்த முதல் டபுள் ஐபிஏ விழாவுக்காக வின்னி சிலுர்ஸோ உருவாக்கிய பீர் அது. வரிசையில் நிற்காமலே வரலாற்றைச் சுவைக்கலாம்.

ஏழாம் படி: உடன் என்ன சாப்பிடுவது

காரத்துக்கு ஐபிஏ பொருந்தும் என்று பலர் எழுதுகிறார்கள். நம் காரத்துக்குப் பொருந்தாது. ஆல்கஹாலும் கசப்பும் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும். மிளகு வறுவல், கோங்குரா, செட்டிநாட்டுக் குழம்பு வகைகளுக்குப் பக்கத்தில் வலுக் குறைந்த கோதுமை பீரோ, மால்ட் இனிப்புள்ள அம்பர் லாகரோதான் நிற்கும். ஐபிஏவுக்கு எண்ணெயும் உப்பும் உள்ள, காரம் குறைந்த பண்டம் வேண்டும்: வறுத்த மீன், உருளைக்கிழங்கு, நன்கு முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டி. புளிப்பு பீருக்கு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. ஸ்டவுட்டுக்கு இந்த ஊரின் சிப்பி. கடலுப்பும் வறுத்த மால்ட்டும் சேரும்போது இரண்டும் இனிக்கும்.

எட்டாம் படி: ப்ரூவரோடு பேசுங்கள்

இதற்குத்தான் வார நாட்களைத் தேடச் சொன்னேன். கூட்டம் ஏறுவதற்கு முன்னால், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். “இது நல்லதா?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடியும். எந்த ஹாப்ஸ், எப்போது சேர்த்தீர்கள், முதல் முறை தயாரித்தபோது எது சரியாக வரவில்லை, இந்த ஊரில் வேறு யாருடைய பீரை நீங்கள் காசு கொடுத்துக் குடிப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் எங்கே போவது என்பது அதிலேயே கிடைத்துவிடும்.

சிறு ஆலைகளை நடத்துவோருக்கு இது கடினமான காலம். வாடகை, அலுமினிய கேன், மால்ட் எல்லாமே விலை ஏறிவிட்டன; மது அருந்துவோரும் குறைந்து வருகிறார்கள். உங்களுக்குப் பிடித்த இடம் இருந்தால் பீர் வாரம் முடிந்த பிறகும், ஓர் ஓய்ந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை போய் ஒரு கோப்பையும் ஒரு தட்டு உணவும் வாங்குங்கள். அவர்களுக்கு உண்மையில் உதவுவது அதுதான்.

கடைசியாக: வீட்டுக்கு எடுத்துப்போவது

அந்த வாரத்துக்கென்று வெளியாகும் கேன்களை ஆலையிலேயே வாங்கலாம். கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஐபிஏவின் ஹாப்ஸ் மணம் வாரக்கணக்கில் மங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஹேசி என்றால் இன்னும் சீக்கிரம். பாட்டில் வாங்கினால் வெயிலில் வைக்காதீர்கள்; ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் எழும். பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் சில நிமிடங்களே போதும். பார்ட் ரயிலிலும், பொதுவாகத் தெருவிலும், திறந்த கேனோடு போவது சட்டப்படி தவறு, ஆகவே மூடியபடியே பையில் இருக்கட்டும். பார்லி ஒயினை மட்டும் அவசரமாகத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றை இந்த ஆண்டு குடியுங்கள். மற்றதை இருட்டும் குளிர்ச்சியும் உள்ள அலமாரியில் நிற்கவைத்து, வாங்கிய ஆண்டை அதன் மேல் எழுதிவிட்டு, மூன்று நான்கு ஆண்டு கழித்து எடுங்கள்.